இரும்பு மருந்தும் எஸ்தரின் பற்களும்

புதிதாக டிரசர் வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கு,

நம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பொறுப்பேற்ற முதல் நாளே நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். திராவகப் புட்டிகள் இருக்கும் அலமாரியின் சாவி டிரசரிடம் இல்லாமல், ஆயா முனியம்மாவின் முந்தானையில் ஏன் முடிந்து கிடக்கிறது? இரும்பு மருந்துப் புட்டிக்குப் பக்கத்தில் ஒரு கட்டுப் பப்பாளிக் காம்பு எதற்கு? முனியம்மாவைக் கேட்டிருக்கிறீர்கள். அவள், "பழைய ஐயாவக் கேளுங்க, அவரு வாயால சொன்னாத்தான் ருசி" என்று சிரித்தாளாம்.

சொல்கிறேன். சிறிய எழுத்து தெரியாத கண்ணோடு மருந்து அளக்கக் கூடாது என்று நானாகவே வேலையை விட்டு மூன்று மாதமாகிறது. இனிமேல் என் மானம் போனால் எனக்கு மட்டும்தான் நஷ்டம், ஆஸ்பத்திரிக்கு இல்லை.

முதலில் ஒரு பீடிகை. மருந்து அளப்பதையும் கட்டுப் போடுவதையும் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வாயைப் படிப்பதைச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். தோட்டத்தில் மனிதன் பொய் சொல்லலாம், அவன் வாய்க்குள் இருக்கும் நிறம் பொய் சொல்லாது. காப்பி பல் இடுக்கில் தவிட்டு நிறமாகத் தங்கும். சுருட்டின் மஞ்சள் பற்களின் உட்பக்கம் ஒளிந்திருக்கும். வெற்றிலை முதலில் சிவப்பு, வருஷக்கணக்கில் போட்டால்தான் கறுப்பு. மஞ்சள்தூள் நாக்கில் ஒரு நாள் விருந்தாளி.

ஒருமுறை ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டுகிறவன் ஒருவன், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகாமல் என்னிடம் வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினான்.

"மூணு நாளா ஒரு பருக்க உள்ள போகலங்கய்யா. எந்திரிக்கவே முடியல."

"நாக்கை நீட்டு."

நீட்டினான். மஞ்சள் துணியை விரித்த மாதிரி இருந்தது.

"நேற்று கல்யாண வீட்டில் ஆட்டுக்கறி எப்படி?" என்று கேட்டேன்.

"உப்புதாங்கய்யா கொஞ்சம் கூட" என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே புரிந்தது. எழுந்திருக்க முடியாதவன் எழுந்து ஓடிய வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இப்படி நான் கெட்டிக்காரன் ஆனதற்கும் ஒரு முட்டாள்தனம்தான் காரணம். வேலைக்கு வந்த முதல் வருஷம், ஐந்து வயதுப் பையன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உதடு, நாக்கு, பல் எல்லாம் கருநீலம். மூச்சு முட்டி ரத்தம் கெட்டுப்போனால் உதடு நீலமாகும் என்று நான் படித்திருந்தேன். படித்ததுதான் வினை. மாட்டுவண்டியைக் கட்டு, ஈப்போ பட்டணத்துக்கு விடு என்று கத்தினேன். அதற்குள் மரம் வெட்டப் போயிருந்த தாய் ஓடிவந்தாள். முந்தானையில் எச்சிலைத் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் ஒரு இழுப்பு இழுத்தாள். நீலம் துணிக்கு வந்தது, நாக்கு சிவப்பானது. மலாய்க்காரர்கள் செண்டுடோக் என்று சொல்லும் புதர்ச்செடியின் பழம்! சடக்குப் பாதை ஓரமெல்லாம் முளைத்துக் கிடக்கும். பையனுக்கு முதுகில் ஒன்று வைத்துக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு ஒன்றும் வைக்கவில்லை, ஆனால் ஒரு பார்வை பார்த்தாள்.

அன்றைக்கு எனக்கு நானே ஒரு விதி எழுதிக்கொண்டேன். முதலில் துடைத்துப் பார், பிறகு பயப்படு. எனக்குப் பின்னால் வந்த டிரசர் ஒவ்வொருவனுக்கும் இதைச் சொல்லிச் சொல்லித் தொல்லை கொடுத்திருக்கிறேன். இருபது வருஷம் கழித்து, போன வருஷம், அந்த விதி எங்கே போனது என்பதுதான் கதை.

என் மகள் எஸ்தருக்கு அப்போது பதினெட்டு வயது. ஈப்போவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தாதி வேலை பழக நம் பெண்களையும் சேர்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. அவள் இங்கிலீஷில் பேசிப் பழகினாள், அவள் தாய் வெள்ளைப் புடவைக்கு நீலம் போட்டாள், நான் கவலைப்பட்டேன். எங்கள் வீட்டில் அந்த வேலை எப்போதும் என்னுடையது.

கவலைக்குக் காரணம் இருந்தது. பெண்களைத் தேர்ந்தெடுப்பது அங்கே இருந்த மேட்ரன் துரைசாணி. அந்த அம்மாள் முதலில் சர்டிபிகேட்டைக் கேட்க மாட்டாள், பல்லைக் காட்டச் சொல்வாள். வெற்றிலை போடுகிறவளை வார்டுக்குள் விட மாட்டேன் என்பது அவள் பிடிவாதம். சித்தியவானிலிருந்து போன ஒரு பெண்ணை நாற்காலியில் உட்காரக்கூட விடாமல் திருப்பி அனுப்பிவிட்டாள் என்று பேச்சு. எஸ்தர் வெற்றிலையைத் தொட்டவள் இல்லை. ஆகவே பல்லைப் பற்றி எனக்குப் பயமே இல்லை. நான் பயந்தது அவள் முகத்தைப் பற்றி. அதற்கு முந்தைய மாதம்தான் மலேரியாக் காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. வெளிறிப்போன பெண்ணை எந்த மேட்ரன் எடுப்பாள்?

எனவே இரும்பு மருந்து. மூன்று வாரம், வழக்கமான அளவுக்கு இரண்டு மடங்கு. நானே புட்டியில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

இங்கேதான் பப்பாளிக் காம்பு வருகிறது. இரும்பு மருந்து பல்லில் பட்டால் கறை பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாதா? கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துப் பெண்களுக்கு நான் ஒருநாளும் அதை அப்படியே கொடுத்ததில்லை. பப்பாளி இலையின் காம்பு உள்ளே கூடாக, குழல் மாதிரி இருக்கும். இரண்டு முனையையும் நறுக்கி, அதை நாக்குக்குப் பின்னால் வைத்து உறிஞ்சச் சொல்வேன். மருந்து பல்லைத் தொடாமல் தொண்டைக்குப் போய்விடும். வரிசையாக நின்று நாற்பது பெண்கள் காம்பு வைத்து உறிஞ்சுவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் என் வீட்டுக்கு நான் புட்டியை மட்டும்தான் கொண்டுபோனேன். காம்பைக் கொண்டுபோகவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். டிரசர் வீட்டில் பூப்போட்ட பீங்கான் கோப்பை இருக்கிறது. காம்பு லயத்துக்காரர்களுக்கு. அப்படித்தான் என் மனசில் இருந்தது.

மேட்ரனைப் பார்க்க நான்கு நாள் இருந்தது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டு எழும்போது எஸ்தர் கண்ணாடி முன்னால் நின்று, "குட்மார்னிங், மேடம்" என்று விதவிதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சம் அவள் வாயில் விழுந்தது. நான் நின்றேன்.

"எஸ்தர், சிரி."

"எதுக்குப்பா?"

"சிரி என்கிறேன்!"

"வேடிக்கையா ஏதாச்சும் சொல்லுங்க, சிரிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். என் முகமே அவளுக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

மேல்வரிசைப் பற்களில் ஈறை ஒட்டி ஒரு கறுப்புக் கோடு. பல்லுக்குப் பல் நடுவில் கறுப்பு. கீழ்வரிசை பழைய ஈயப் பாத்திரம் மாதிரி.

தம்பிகளே, அந்த நிமிஷம் இதே வாயோடு வேறு யார் மகளாவது வந்திருந்தால் நான் முதலில் துடைத்திருப்பேன். என் மகள் என்றதும் என் மூளை புத்தக அலமாரிக்கு ஓடியது. ஈயம் உடம்பில் ஏறினால் ஈறில் கருங்கோடு வரும் என்று ஒரு பக்கம். ஈறு அழுகும் நோய் என்று இன்னொரு பக்கம். புத்தகத்தை மூடியபோது அவளுக்கு ஐந்து நோய்கள் இருந்தன. ஆறாவதாக ஒரு சந்தேகமும் வந்தது. பகல் முழுவதும் ஆஸ்பத்திரியில் முனியம்மாவோடுதானே பேசிக்கொண்டிருக்கிறாள்? முனியம்மாவின் வாயில் வெற்றிலை இல்லாத நேரத்தை நான் பார்த்ததில்லை.

எதுவானாலும் நான்கு நாள்தான் இருந்தது. கரித்தூளால் தேய்க்கச் சொன்னேன். ஈறில் ரத்தம் வந்தது, கோடு போகவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

ஈப்போ சந்தையில், பாசார் என்போம், அந்த நாளில் ஒருவன் பாய் விரித்து உட்கார்ந்து, குச்சியில் ஏதோ தண்ணீரைத் தொட்டுப் பல்லில் தடவுவான். எந்தக் கறையும் நுரைத்துக்கொண்டு போகும். பல் சங்கு மாதிரி வெளுத்துவிடும். ஒரு மாதத்தில் அதே பல் சுண்ணாம்பு மாதிரி உதிரும். அது உப்புத் திராவகம். அவனிடம் பல்லைக் காட்டிவிட்டு வந்தவர்களை நான் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறேன். அதே திராவகம் என் அலமாரியிலும் இருந்தது. நான் தண்ணீர் கலந்து தடவுவேன், ஒரே தடவைதான், உடனே கழுவிவிடுவேன். நான் படித்தவன் அல்லவா?

வெளியே தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. எஸ்தரை மருந்தறை ஸ்டூலில் உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். தீக்குச்சியில் பஞ்சு சுற்றித் திராவகத்தில் தொட்டு எடுத்தேன். குச்சிக்கும் பல்லுக்கும் ஒரு அங்குலம் இருக்கும். முனியம்மா துவைத்த கட்டுத்துணிகளோடு உள்ளே வந்தாள்.

"ஐயா, என்னா பண்றீங்க?"

"கறை எடுக்கிறேன். நீ போ."

"அந்தப் புட்டியிலயா? பாசார்ல பல்லு வெளுத்துக்கிட்டு வந்தானே ஒருத்தன், அவன இதே ஸ்டூல்ல ஒக்கார வச்சி என்னா ஏச்சு ஏசுனீங்க!"

"இது ஒரு தடவைதான்."

"அவனும் அதத்தான் சொன்னான்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "என் பெண்ணுக்கு வெற்றிலை பழக்கிவிட்டது நீதானே?" என்று கத்தித் திரும்பினேன். குச்சியிலிருந்து ஒரு சொட்டு ஸ்டூலின் ஓரத்தில் விழுந்து நுரைத்தது. அந்த வெள்ளை வடு இன்றும் இருக்கிறது. நீங்கள் அதை யாரோ சுண்ணாம்பு தடவியதாக நினைத்திருப்பீர்கள்.

முனியம்மா என் முன்னால் வந்து நின்று வாயை ஆவென்று திறந்தாள்.

"நல்லாப் பாருங்க. இது செவப்பு. இங்கன ஓரத்துல கருத்திருக்கே, இதுக்கு இருவது வருசம் ஆச்சு எனக்கு. ஓசியில வருமா? பாப்பா மூணு வாரத்துல கருப்பாக்கிருச்சுன்னா அது என்னையவிடப் பெரிய ஆளு."

எஸ்தர் வாயைத் திறந்தபடியே சிரித்துவிட்டாள். முனியம்மா அவள் பக்கம் திரும்பினாள்.

"பாப்பா, நாக்க நீட்டு."

நாக்கும் கறுப்பு. ஈரப்பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்தாள். பஞ்சில் கறுப்பு வந்தது.

"பல்லுக்குத்தான் நோவுன்னா நாக்கு எதுக்குங்கய்யா கருக்குது?"

இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்ன விதியை, அதைக் காதால் கேட்டுக்கொண்டு தரை துடைத்தவள் எனக்குச் செய்து காட்டினாள்.

"நீ என்னா குடிக்கிற பாப்பா?"

"அப்பா குடுத்த மருந்துதான்."

"காம்புலதான?"

எஸ்தர் என்னை ஒருமுறை பார்த்தாள். "எங்க வீட்டுல கோப்பையிலதான் ஆயா. ஒரே கசப்பு. அம்மா தேத்தண்ணியில ஊத்திக் குடுப்பாங்க. முழுங்கப் பிடிக்காம வாயிலேயே வச்சிருப்பேன்."

முனியம்மா ஜன்னலோரம் இருந்த தன் கோப்பையை எடுத்தாள். பாதி குடித்த தேத்தண்ணீர், பால் இல்லாதது. அதில் இரும்பு மருந்தை ஒரு கரண்டி விட்டாள். செம்பழுப்பாக இருந்த தண்ணீர் கண்முன்னால் கறுத்தது. பள்ளிக்கூடத்து மைக்கூடு மாதிரி ஆகிவிட்டது. அவளே எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. கோப்பையை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"ஐயா, இதுல பேனாவத் தொட்டு ரிப்போட்டே எழுதலாம்லா!"

தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மைதான். மை செய்கிறவனுக்கு அது பிழைப்பு. நான் அதை மூன்று வாரம் என் மகள் வாயிலேயே காய்ச்சியிருக்கிறேன்.

முனியம்மா என் கையிலிருந்த குச்சியை வாங்கித் தண்ணீரில் போட்டாள். புட்டியை உள்ளே வைத்து அலமாரியைப் பூட்டினாள். சாவியைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். "இது எங்கிட்டயே இருக்கட்டுங்கய்யா" என்றாள். நான் சரி என்றேன். ஸ்டூலில் எஸ்தர் இருந்ததால் தரையில் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு நான்கு நாளும் தேத்தண்ணீர் இல்லை, மருந்து இல்லை. சமையல் சோடாவைத் தொட்டு மெல்லத் தேய்த்தாள். விஷயம் லயத்துக்குப் போய்விட்டது. நாற்பது பெண்களும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தி ஒரு மடி கொய்யா இலை பறித்து வந்தாள், மென்றால் பல் பளிச்சென்று ஆகுமாம். அதுவும் துவர்ப்புதான், இன்னொரு கூடு மை ஊறியிருக்கும். வாசலிலேயே மறித்து அனுப்பினேன். திங்கட்கிழமை காலையில் கறுப்பு போய்த் தேக்குமர நிறம் வந்திருந்தது. பல் வெள்ளையாகவில்லை.

ஈப்போவுக்குப் போகிற மோட்டார் பஸ்ஸில் நான் அவளுக்குப் பயிற்சி கொடுத்தேன். உதட்டைத் திறக்காமல் "எஸ், மேடம்" என்று சொல்ல வேண்டும். சிரிக்கவே கூடாது. அவள் உதட்டை மூடிக்கொண்டு சொல்லிக் காட்டினாள். தேனீ ஜாடிக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. லகாட் ஊரில் ஏறி எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சீனக்கிழவர் பயந்துபோய் இடம் மாறி உட்கார்ந்தார்.

மேட்ரனின் அறைக்கு அரைக்கதவு. நான் வெளியே பெஞ்சில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே பேசுவதெல்லாம் கேட்டது. பேச்சு இங்கிலீஷில், நான் தமிழில் சொல்கிறேன்.

"பல்லைக் காட்டு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வெற்றிலையா?"

"இல்லை, மேடம். இரும்பு மருந்து. தேநீரில் கலந்து மூன்று வாரம் குடித்தேன். உங்கள் கோப்பையின் உட்புறம் ஒரு வளையம் இருக்கிறதே, அதேதான். என் பல்லில் கொஞ்சம் அவசரமாக வந்துவிட்டது."

கோப்பையைத் தட்டிலிருந்து தூக்கும் சத்தம் கேட்டது. திருப்பிப் பார்க்கிறாள் போலும். என் தொப்பி கசங்கியது.

"இப்படி மருந்து கொடுத்த முட்டாள் யார்?"

அம்மா என்று சொல்லிவிடு மகளே என்று மனசுக்குள் கெஞ்சினேன். அவள் தாய் அங்கே இல்லை, வெட்கப்பட வேண்டியிருக்காது.

"ஒரு தோட்டத்து டிரசர், மேடம்."

"எந்தத் தோட்டம்?"

"வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், மேடம்."

அரைக்கதவு திறந்தது. நான் எழுந்து நின்றேன். மேட்ரன் என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். இருபது வருஷமாக எத்தனையோ துரைமார் முன்னால் நின்றிருக்கிறேன், அப்படிச் சிறுத்துப்போனதில்லை.

"எத்தனை பேருக்கு இப்படிக் கொடுத்திருக்கிறார்?"

"எனக்கு மட்டும்தான், மேடம்" என்றாள் எஸ்தர் உள்ளேயிருந்து. "லயத்தில் இருக்கிற யாருக்கும் ஒரு பல்லில்கூடக் கறை கிடையாது. அவர்களுக்கெல்லாம் பப்பாளிக் காம்பில் கொடுப்பார். நான் டிரசர் மகள், அதனால் எனக்குக் கோப்பை."

அவள் கேலி செய்தாளா, என்னைக் காப்பாற்றினாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. கேட்டால் இரண்டும்தான் என்கிறாள்.

பப்பாளிக் காம்பு என்றால் என்ன என்று மேட்ரன் என்னைக் கேட்டாள். கையால் நீளத்தைக் காட்டி விளக்கினேன். வார்டில் கண்ணாடிக் குழாய் வைத்துக் கொடுப்பார்களாம், நோயாளிகள் கடித்து உடைத்துவிடுகிறார்களாம். அவள் எஸ்தர் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த திங்கட்கிழமை வரும்போது ஒரு கட்டு கொண்டு வா."

பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தோம். நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "போகட்டும் எஸ்தர், வேறு ஆஸ்பத்திரி இல்லையா" என்றேன்.

"அப்பா, எனக்கு வேல கெடச்சிருச்சு. திங்கக்கெழம வரும்போதுன்னு சொன்னாங்களே, கேக்கலயா?"

கேட்டேன். காம்பை மட்டும்தான் கேட்டேன்.

சொந்தப் பிள்ளைக்கு மருந்து கொடுக்காதீர்கள் என்று சொன்னால் நீங்கள் கேட்கப்போவதில்லை, தோட்டத்தில் உங்களை விட்டால் வேறு டிரசரும் இல்லை. கொடுங்கள். ஆனால் வரிசையில் கடைசியாக நிற்கும் பெண்ணுக்கு எப்படிக் கொடுப்பீர்களோ அப்படியே கொடுங்கள். அவளுக்குக் காம்பு என்றால் உங்கள் வீட்டிலும் காம்பு. பக்கத்தில் முனியம்மாவையும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

சாவியைப் பற்றிக் கேட்டீர்கள். புண் கழுவவோ மருந்து கலக்கவோ வேண்டுமென்றால் உடனே தருவாள். யாருக்கு என்று மட்டும் கேட்பாள், கோபிக்காதீர்கள்.

போன மாதம் எஸ்தர் முதல் லீவில் வந்திருந்தாள். பல்லெல்லாம் அரிசி மாதிரி இருந்தது. வந்ததும் என்னை வெளிச்சத்தில் உட்கார வைத்து, "அப்பா, சிரிங்க" என்றாள். சிரித்தேன். முப்பது வருஷத் தேத்தண்ணீர் அவளுக்குத் தெரிந்தது. என் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஆயா, அலமாரிச் சாவி குடுங்க."

"யாருக்கு பாப்பா?"

"அப்பா பல்லுக்கு. ஒரு தடவதான்."

முனியம்மா முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சொந்தக்காரவங்களுக்குக் கெடையாது."